டேஷ்போர்டின் புருவம்

பல் டாக்டர் தன் பழைய காரை எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, நானும் என் நாத்தனாரும் பேசிக்கொள்ளாமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கார்களுக்கு உள்ளே தோல் வேலை செய்கிற கடை எங்களுடையது. அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பதினான்கு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. அந்த ஒன்பது நாள் மட்டும் கடையில் வாயைத் திறந்தது என் தையல் மெஷின் ஒன்றுதான்.

சண்டை என்று சொன்னால் சண்டைக்கே கேவலம். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஆறு மணி நேர ரயில் பயணம். பஸ் சீட் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவுக்கே தலைவி. நல்ல விஷயம்தானே, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற அதே குரலில் என்னிடம் சொன்னார். நான் அவரை நம்பாமல் இரண்டு தரம் கேட்டேன். இரண்டாம் தரமும் அதையேதான் சொன்னார், கூடவே மோரும் கேட்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் போகக் கூடாது. அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல என் வறட்டு கௌரவம் விடவில்லை. அவளாக வந்து சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வருகிற வழியாக இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா.

வேலை நின்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. வீட்டுக்காரர் நடுவில் தபால்காரராக இருந்தார். அவர் வெளியே போயிருந்தால் நான் காற்றிடம் பேசுவேன். சிவப்பு நூல் தீரப்போகுது போல என்று மெஷினைப் பார்த்துச் சொல்வேன். மறுநாள் காலை மெஷின் பக்கத்தில் புது நூல்கண்டு உட்கார்ந்திருக்கும். அவளும் கத்தரிக்கோலிடம், சாணை பிடிச்சா தேவலை என்பாள். நான் எடுத்துக்கொண்டுபோய்ப் பிடித்துவருவேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இவ்வளவு அனுசரணையாக இருக்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். மெலிந்த மனிதர், மென்மையான குரல். எதிரில் இருப்பவர் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் அவரிடம் உதட்டை மூடிக்கொண்டே பேசப் பழகிவிட்டார். டாக்டரின் கார் அவரைவிட வயதில் மூத்தது. வட்ட விளக்குகள், மெல்லிய ஸ்டீயரிங், பளபளவென்று கறுப்பு உடம்பு. உள்ளேதான் பரிதாபம். டேஷ்போர்டின் மேல்பக்கம் வெயிலில் வெந்து ஏழு இடத்தில் பிளந்திருந்தது. ஏழு என்று எண்ணிச் சொன்னது டாக்டர். ஒவ்வொரு பிளவையும் விரல் நகத்தால் தொட்டு, ஆழம் சொல்லி, கடைசியில் வேர் வரைக்கும் போயிருச்சு என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு இருந்தது. அதற்குள் டேஷ்போர்டு முழுக்கத் தோல் போர்த்தி, ஒரு சுருக்கமும் இல்லாமல் வேண்டும் என்றார். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு சிவப்பைக் காட்டினேன், வீங்கின ஈறு மாதிரி இருக்கு என்று தள்ளிவிட்டார். கடைசியில் பீட்ரூட்டை வெட்டினால் வருமே, அந்த நிறத்தில் ஒரு தோல் பிடித்துப்போனது. அந்த நிறத்தில் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். டேஷ்போர்டுக்கு ஒருமுறை சரியாக வரும், கொஞ்சம் மிச்சம் இருக்கும். இரண்டாம் முறைக்கு வராது. என் நாத்தனாருக்குத் திங்கட்கிழமை காலை ரயில். ஆக, இதுதான் அவள் இந்தக் கடையில் செய்கிற கடைசி வேலை. அதையும் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார்.

டேஷ்போர்டைக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்திருந்தால் சௌகரியம். கழற்ற வேண்டுமானால் முன்கண்ணாடியை எடுக்க வேண்டும். அதைப் பிடித்திருந்த ரப்பர் தொட்டாலே உதிர்ந்தது. அதனால் காருக்குள்ளேயே வைத்துச் செய்வது என்று முடிவானது. வீட்டுக்காரர் முன் சீட்டுகளையும் ஸ்டீயரிங்கையும் கழற்றினார். பழைய உறையை உரித்து, பிளவுகளை அடைத்து, தேய்த்து, மெல்லிய ஃபோம் ஒட்டினார். நாத்தனார் அதன்மேல் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாளை விரித்து, தையல் வரவேண்டிய கோடுகளை வரைந்து, மூன்று துண்டாக வெட்டி எடுத்துவந்தாள். மேல்பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டு. முன் விளிம்புக்கு ஒரு பட்டை. மூன்றாவது, மீட்டர்களின் மேல் வெயில் படாமல் நீட்டிக்கொண்டிருக்கிற வளைவுக்கு. அதை நாங்கள் புருவம் என்போம். ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான் புருவம் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் விளங்கினால்தான் எனக்கு வந்த வினை விளங்கும். தோலில் கோடு போடுவது பின்பக்கத்தில். முன்பக்கத்தில் பேனா பட்டால் போகாது. பின்பக்கத்தில் வரைவதால் அளவுத் தாளைக் கவிழ்த்துப்போட்டு வரைய வேண்டும். கவிழ்க்காமல் வரைந்தால் வெட்டிய தோலை நிமிர்த்தும்போது இடது வலதாகிவிடும். இந்தத் தவறைச் செய்யாத தோல்காரர் கிடையாது. அதற்காகவே எங்களுக்குள் ஒரு வழக்கம். அவள் தாளைக் கவிழ்த்து வைத்து, திருப்பியாச்சு என்பாள். நான் வந்து பார்த்து, பார்த்தாச்சு என்பேன். அப்புறம்தான் கத்தரிக்கோல் தோலைத் தொடும். பதினான்கு வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தையும் சொல்லாமல் ஒரு தோல்கூட வெட்டியதில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யார் சொல்வது, யார் கேட்பது?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தாள்களைத் தோலின்மேல் வைத்து, இரும்புக் கட்டிகளை ஏற்றிவிட்டு, கை கழுவப் போனாள். நான் மேஜைக்கு என் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாள்கள் நேராக இருப்பது போலத்தான் எனக்குப் பட்டது. படாமல் என்ன செய்யும்? அவளிடம் ஒரு தப்பாவது கிடைக்காதா என்று பன்னிரண்டு நாளாக அலைந்துகொண்டிருந்த கண் அது. பார்த்தாயா, உடம்பு இங்கே, மனசு ரயிலில் என்று உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. இந்தக் கடையில் நான் இல்லாவிட்டால் இவள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டே, மூன்று தாள்களையும் திருப்பி வைத்து, கட்டிகளை ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மெஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டேன்.

அவள் திரும்பி வந்தாள். மேஜையருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கோடு போட்டு வெட்டினாள். சாயங்காலமும் வெள்ளிக்கிழமை முழுதும் நான் தைத்தேன். இரட்டைத் தையல், ஒரு அங்குலத்துக்கு ஏழு. என் கைவேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், பிரமாதமாக வந்திருந்தது.

சனிக்கிழமை காலை பல் டாக்டர் தன் நோயாளிகளுக்கெல்லாம் விடுமுறை கொடுத்துவிட்டு வந்தார். பசை போடுவதற்கு முன்னால் சும்மா போர்த்திப் பார்ப்பது உண்டு. நானும் நாத்தனாரும் காருக்குள் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து, தோலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்தோம்.

புருவம் என் பக்கம் வந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இடத்தில்.

ஒருமுறை எடுத்து மறுபடி விரித்தோம், ஏதோ தோல் மனம் மாறிவிடும் என்பது போல. மாறவில்லை. டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இனிமேல் நான் எங்கே உட்கார்ந்து ஓட்டணும் என்று பணிவாகக் கேட்டார். வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். இது ஒரு புது டிசைன் என்று ஆரம்பித்து, பாதியிலேயே விட்டார். பிறகு தங்கையைப் பார்த்து, தாளைத் திருப்பினாயா இல்லையா என்று அதட்டினார்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவளைத் திட்டாதீங்க. அவ சரியாத்தான் வச்சிருந்தா. நான்தான் போய்த் திருப்பினேன்" என்றேன்.

நாத்தனார் பதினான்கு நாள் கழித்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும் அண்ணி. கட்டி இடம் மாறியிருந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்கு வெட்டினே?"

"நீங்க திருப்பியிருந்தா, நான்தான் மறந்திருப்பேன்னு நினைச்சேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. நான் அவளை நம்பாமல் திருப்பினேன். அவள் தன்னையே நம்பாமல் என்னை நம்பி வெட்டியிருக்கிறாள். அதுவும் நான் அவள் முகத்தைப் பார்க்காத பன்னிரண்டாம் நாளில்.

நல்லவேளையாக டாக்டர் தொண்டையைச் செருமினார். தொழிலுக்கு வந்த புதிதில் தானும் இப்படி ஒருமுறை செய்ததுண்டு என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இடது இவருக்கு வலது, போதாததற்குக் கையில் ஒரு குட்டிக் கண்ணாடி வேறு. சொத்தைப் பல்லை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நல்ல பல்லைக் குடைந்துவிட்டாராம். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அடைத்தேன், மன்னிப்புக் கேட்டேன், அவர் இன்னமும் என்னிடம்தான் வருகிறார் என்றார். என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அதற்குள் நாத்தனார் கீழே இறங்கி, மிச்சத் தோலை மேஜையில் விரித்திருந்தாள். நீளத் துண்டு இன்னொன்று எடுக்க வராது. ஆனால் தைத்ததைப் பிரித்து, புருவம் இல்லாத நேர்ப்பகுதியை மட்டும் வெட்டி ஒரு பாதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் பக்கத்துப் பாதியையும் புருவத்தையும் மிச்சத்திலிருந்து புதிதாக எடுக்கலாம். நடுவில் ஒரு தையல் வரும். இதை அவள் என்னிடம்தான் சொன்னாள், நேராக. நான் டாக்டரிடம் சொன்னேன். நடுவில் தையல் வரும், இந்தக் காரில் முன்பு அது கிடையாது, எங்கள் தவறால் வருவது, வேண்டாம் என்றால் வேறு நிறத்தில் முதலிலிருந்து செய்து தருகிறோம், ஆனால் நாளைக்குள் முடியாது. அவர் டேஷ்போர்டின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் கோடு இருப்பது இயற்கைதானே என்றார்.

அவள் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"திருப்பியாச்சு."

நான் மேஜையைச் சுற்றி அவள் பக்கமே போய் நின்று, ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்தேன்.

"பார்த்தாச்சு."

மூன்று மணிக்குள் தைத்து முடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகத் தைத்ததில்லை.

பிறகு ஒட்டுகிற வேலை. இந்தப் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் தொட்டதுதான், பிரிக்க முடியாது. அதனால் நடுவில் தாள் வைத்துத் தோலை இடம் பார்த்துப் படுக்க வைத்து, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போக வேண்டும். நான்கு கை வேண்டும். வாயும் வேண்டும். தூசி பறக்கக் கூடாது என்று கார்க் கதவுகளைச் சாத்தி, ஜன்னலை ஒரு விரல்கடை மட்டும் திறந்துவைத்தோம். இழு, போதும், விடு, இன்னும் கொஞ்சம், உன் பக்கம் சுருங்குது, உங்க பக்கம் ஏறுது. பதினான்கு நாள் பேசாததையெல்லாம் அரைமணி நேரத்தில் பேசித் தீர்த்துவிட்டோம். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் வீட்டுக்காரரும் மீன்தொட்டியைப் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் புருவத்தின் உள்வளைவு. அங்கே தோல் எப்போதும் எழும்பத்தான் பார்க்கும். சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னைக் காட்டி இளக்கி, இரண்டு பேர் நான்கு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பத்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தோம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. ஸ்டீயரிங் இல்லாத காரில் எங்கேயோ புறப்பட்டுப் போகிற இரண்டு பேர் மாதிரி. எழுந்து போக வழியில்லை. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பவும் இடமில்லை. அதனால் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட சொன்னா, போகாதேன்னு சொல்வீங்க."

"சொன்னா என்ன?"

"நீங்க சொன்னா நான் போக மாட்டேன் அண்ணி. அதான் சொல்லல."

இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? என்னை ஒரு பொருட்டாக மதிக்காததால்தான் என்னிடம் சொல்லவில்லை என்று. இவளோ என் ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு அண்ணனிடம் ஓடியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தை அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் போதும். திங்கட்கிழமை ரயில் அவள் இல்லாமல் போகும், செவ்வாய்க்கிழமை மேஜையின் அந்தப் பக்கத்தில் அவள் நிற்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தேவிட்டேன்.

திறந்த வாயால் வேறு ஒன்றைக் கேட்டேன். "போகணும்னு ஆசையா இருக்கா?"

"ரொம்ப" என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

பிறகு அவளாகவே சொன்னாள். போன மாதம் கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போய்வந்தாளாம். நான் அன்று அக்கறையாக, பவர் எவ்வளவு என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. அங்கே வெட்டுகிற அறைக்குச் சுவர் முழுக்க ஜன்னலாம். எட்டுப் பேர் வெட்டுவார்களாம். அளவுத் தாளை இவள்தான் வரைந்து கொடுக்க வேண்டுமாம், யாரோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட வடிவத்தை நகல் எடுப்பது இல்லை, புதிதாக, தன் யோசனையில். சொல்லும்போது கட்டைவிரல் அழுத்தம் தளர்ந்தது. அழுத்து என்றேன். அழுத்தினாள். நாற்பத்தொரு வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் கடையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்போ போ" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"போடி. நான் கோபத்துல சொல்லல. ஆனா அங்கயும் யாரையாவது பார்க்கச் சொல்லிட்டு அப்புறம் வெட்டு. யார் திருப்பி வச்சாலும் நம்பி வெட்டிடாதே."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு கையும் தோலின்மேல் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை. அவளுக்கும் அதே கதிதான். வெளியே டாக்டர் பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். பசை வாடை கண்ணில் ஏறிவிட்டதா, கதவைத் திறக்கட்டுமா என்று சைகையிலேயே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன், திறக்க வேண்டாம் என்றும் ஆட்டினேன். என் வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டு மெதுவாக அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு கட்டைவிரலை மட்டும் லேசாக எடுத்துப் பார்த்தாள். தோல் அசையவில்லை. புருவம் வளைவோடு வளைவாகப் படிந்திருந்தது, ஒரு சுருக்கம் கிடையாது.

"ஒட்டிடுச்சு அண்ணி. கையை எடுக்கலாம்."

பத்து நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது என்பது எனக்கும் தெரியும்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்" என்றேன்.

அவள் எடுத்த விரலை மறுபடி என் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.